கழற்றிப் பூட்டக்கூடிய மேசை

சென்ற ஆண்டு நாங்கள் வாடகை வீடு மாறியபோது, ஒன்பது ஆண்டுகளாக எங்களுடன் இருந்த புத்தக அலமாரி லாரியில் ஏறுவதற்கு முன்பே உயிரை விட்டது. அதற்கு முந்தைய வீடு மாற்றத்தின்போதே அதன் திருகாணித் துளைகள் தளர்ந்திருந்தன. தீக்குச்சிகளை ஒடித்துத் துளைக்குள் செருகி, அவற்றின் மேல் திருகாணியை முறுக்கி ஒப்பேற்றியிருந்தோம். இம்முறை திருகாணியைக் கழற்றியதும் துளையைச் சுற்றியிருந்த பலகை ரவையாக உதிர்ந்தது. பழைய செய்தித்தாளையும் ஓடாத மின்விசிறியையும் எடை போட்டு வாங்கிக்கொண்ட பழைய சாமான் கடைக்காரர், அலமாரியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டார். அடுப்பெரிக்கவும் அது ஆகாது என்றார். கடைசியில் அதை அப்புறப்படுத்துவதற்கு நாங்கள்தான் பணம் கொடுக்க வேண்டியிருந்தது.

அந்த அலமாரியை நான் வாங்கியபோது, அது சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று அட்டையில் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். அதை முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. மர அறுவை மில்லில் மிஞ்சும் தூளையும் சில்லுகளையும் பிசினில் குழைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் தட்டையாக்கியதுதான் துகள் பலகை. வீணாகப் போகும் பொருளைப் பயன்படுத்துவதால் அதை மறுபயன்பாடு என்றே கொள்ளலாம். ஆனால், அதைப் பிணைக்கப் பெரும்பாலும் பயன்படும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பிசின் ஈரத்தைத் தாங்காது. நீர் பட்டால் பிணைப்பு விட்டுப்போய்ப் பலகை ஊதிவிடும், ஊதியது மீண்டும் சுருங்காது. அந்தப் பிசினிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. கசிவின் அளவைக் குறிக்கவே இ1, இ0 என்றெல்லாம் பலகையில் தரக்குறியீடு இடுகிறார்கள். குறியீட்டைப் பார்த்து வாங்குவது நல்லதே. ஆயினும், எந்தக் குறியீடும் பலகையில் ஒருமுறை உதிர்ந்த துளையைத் திரும்பத் தராது. அலமாரி போனதிலிருந்து நான் மரச்சாமான்களைப் பார்க்கும்போது, எதனால் செய்தது என்று கேட்பதற்கு முன், எப்படிப் பூட்டியிருக்கிறார்கள், கழற்றினால் மறுபடி பூட்ட முடியுமா என்று பார்க்கத் தொடங்கினேன்.

புதிய வீட்டுக்கு ஓர் உணவு மேசை தேவைப்பட்டது. காரைக்குடிப் பக்கம் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தபோது, வீடு பிரித்த மரம் விற்கும் கிடங்கு ஒன்றுக்கு உறவினர் அழைத்துச் சென்றார். காரைக்குடி என்றால் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைத்தான் பலரும் சொல்வார்கள். அங்கே எனாமல் பாத்திரங்களும் சுவர்க் கடிகாரங்களும் சாமி படங்களும் வாங்க ஊரெல்லாம் வருகிறது. நான் போனது அப்படிப்பட்ட கடையன்று. தகரக் கூரையின் கீழ் நிலைகளும் சன்னல் சட்டங்களும் தூண்களும் உத்திரங்களும் அடுக்கியிருந்த வெறும் மரக்கிடங்கு. அங்கே 12 அடி நீளமும், 8 அங்குலத்துக்கு 6 அங்குலம் குறுக்களவும் உடைய ஓர் உத்திரம் கிடந்தது; கணக்குப் போட்டால் 4 கன அடி. ஒரு முனையில் சுவருக்குள் புதைந்திருந்த பகுதியில் சுண்ணாம்புக் காரை இன்னும் ஒட்டியிருந்தது. கிடங்குக்காரர் உளியால் ஒரு சீவல் எடுத்துக் காட்டினார். சாம்பல் நிற மேற்பரப்புக்கு அடியில் பொன்பழுப்பான சேகும் (முற்றிய உள்மரம்), எண்ணெய் தோய்ந்த தோலைப் போன்ற தேக்கின் மணமும் இருந்தன. பழைய பர்மா தேக்கு என்ற பெயரில் புதுமரத்துக்குச் சாயம் பூசி விற்பவர்களும் இருப்பதால், இந்த ஒரு சீவலை எடுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

அந்த உத்திரம் கோணாமல் இருந்ததற்கான காரணம் பர்மாவில் இருக்கிறது. அங்கே அந்தக் காலத்தில் தேக்கை உடனே வெட்டிச் சாய்ப்பதில்லை. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் அதையடுத்த வெள்ளை மரத்தையும் வளையமாக வெட்டி, மரத்தை நின்றவாறே சாகவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகள் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு நீரில் மூழ்கும், காய்ந்தது மிதக்கும் என்பதே இதற்குக் காரணம். பிறகு வெட்டிய கட்டைகளை யானைகள் ஓடைகளுக்கு இழுத்து வரும். மழைக்கால வெள்ளம் அவற்றை ஐராவதி போன்ற பேராறுகளுக்குக் கொண்டு சேர்க்கும். ரங்கூன், மௌல்மீன் துறைமுகங்களில் அவை கப்பலேறும். மிதப்பதற்காகச் செய்த வேலை மரத்தைப் பதப்படுத்தும் வேலையாகவும் அமைந்தது. நகரத்தார் பர்மாவில் கொண்டுவிற்கச் சென்று ஈட்டிய செல்வத்தோடு இந்தத் தேக்கும் செட்டிநாட்டுக்கு வந்து, வீடுகளின் முகப்பு, பட்டாலை, வளவு என்ற பகுதிகளில் தூண்களாகவும் உத்திரங்களாகவும் ஏறியது. இந்த மரத்தைத் தூய்மையின் சின்னமாக யாரும் கொண்டாட வேண்டியதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1885இல் ஆங்கிலேயர் மேல் பர்மாவைப் பிடிப்பதற்குச் சாக்காக அமைந்ததே, பம்பாய் பர்மா வணிக நிறுவனத்துக்குத் தீபா மன்னரின் அரசவை விதித்த அபராதம்தான். அந்த வழக்கு தேக்கு மரத்தைப் பற்றியது. இன்று மியான்மரிலிருந்து வெட்டுமரக் கட்டைகளை ஏற்றுமதி செய்ய 2014 முதல் தடை இருக்கிறது. 2021 ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பொருளாதாரத் தடைகளையும் விதித்தன. ஆகவே, பழைய உத்திரத்தை மறுபடி அறுத்துப் பயன்படுத்துவதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அந்த நியாயம் என்னை முழுமையாகச் சமாதானப்படுத்தவில்லை. இந்த உத்திரம் எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கிடங்குக்காரர் ஊர்ப் பெயரை மட்டும் சொன்னார். பங்காளிகள் பெருகிவிட்டார்கள், பழுதுபார்க்கும் செலவை ஏற்க ஆளில்லை, பிரித்து விற்றால் ஆளுக்குக் கொஞ்சம் கிடைக்கும் என்றார். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. பட்டியலில் இருப்பதால் ஒரு வீட்டின் கூரை ஒழுகுவது நின்றுவிடாது. பிரித்த மரத்துக்கு நல்ல விலை கிடைக்கிறது என்பதே, வீட்டைப் பிரிக்கலாமா என்று தயங்கிக்கொண்டிருப்பவர்களின் தயக்கத்தைத் தீர்த்துவைக்கவும் கூடும். மரத்துக்கு இரண்டாம் வாழ்வு கொடுக்கிறோம் என்று நகரத்தில் இருந்துகொண்டு பெருமைப்படும் நாம், அதன் முதல் வாழ்வை முடித்துவைப்பதில் நமக்குப் பங்கில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. செதுக்கு வேலைப்பாடுள்ள கதவையும், தூணின் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையையும் வாங்குவதில்லை என்று எனக்கு நானே ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். அவை வீட்டின் முகம். வெறும் உத்திரம் விறகாகவோ சாரக்கட்டுத் தாங்கலாகவோ போகக்கூடியது என்பதால் அதை மட்டும் எடுத்தேன். இது எவ்வளவு வலுவான வரம்பு என்று கேட்டால் என்னிடம் நல்ல விடை இல்லை.

உத்திரத்தை வாங்குவது எளிது, அறுப்பதுதான் பாடு. முதலில் போன மில்லில் பழைய மரத்தை ரம்பத்தில் ஏற்றவே மறுத்துவிட்டார்கள். உள்ளே புதைந்திருக்கும் ஓர் ஆணி போதும், ரம்பத்தின் பற்கள் தெறித்துவிடும், அறுப்பவருக்கும் ஆபத்து. இரண்டாவது மில்லில் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார்கள்: ஆணிகளை எல்லாம் எடுத்துவிட்டுக் கொண்டுவர வேண்டும், பற்கள் போனால் நாங்களே பொறுப்பு. மேசை செய்யவிருந்த ஆசாரியாரும் நானும் ஒரு முழு நாள் உத்திரத்தைப் புரட்டிப் புரட்டி, ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தடவிப் பார்த்தோம். காந்தம் இழுத்த இடத்தில் எல்லாம் தோண்டி 17 ஆணிகளையும், எதற்காக அடித்தார்கள் என்று விளங்காத ஒரு கொக்கியையும் எடுத்தோம். இரும்பு இருந்த இடத்தைச் சுற்றி மரம் கருநீலமாகக் கறுத்திருந்தது. மரத்திலுள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேரும்போது இந்தக் கறை உண்டாகிறது. அமிலம் வைத்து வெளுக்கலாம் என்று ஆசாரியார் சொன்னார். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பழைய மரத்தில் வண்ணப்பூச்சு இருந்தால் இன்னொரு கவனம் தேவை. நம் நாட்டில் வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பளபளப்பு வண்ணத்தில் ஈயம் இருந்திருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. பச்சை வண்ணம் பூசிய பழைய சன்னல் சட்டத்தை வீட்டு மாடத்தில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது அழகான விடுமுறைப் பொழுதுபோக்காகத் தெரியலாம். அந்தத் தூசு குழந்தையின் மூச்சில் போகும். ஈரப்படுத்திச் சுரண்ட வேண்டும், தூசைக் கூட்டிப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும், முகமூடி அணிய வேண்டும். எங்கள் உத்திரத்தில் நல்ல வேளையாக வண்ணம் இல்லை.

ஆசாரியார் அறுபது வயதைக் கடந்தவர். உத்திரத்தை அவர் பங்கிட்ட விதத்தைத் தனியே சொல்ல வேண்டும். 12 அடியில் முதல் 5 அடியை, 6 அங்குலக் கனத்தை நான்காகப் பிளந்து நான்கு பலகைகள் வருமாறு அறுக்கச் சொன்னார். நான்கையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சேர்த்தால் இரண்டரை அடி அகல மேற்பலகை. அடுத்த 5 அடியில், ஏறக்குறைய 3 அங்குலச் சதுரமான நான்கு சட்டங்களை எடுத்து, அவற்றைப் பாதியாக வெட்டி, இரு பக்கத் தாங்கிகளுக்கும் வேண்டிய எட்டுத் துண்டுகளை வரவைத்தார். ஓரத்தில் மிஞ்சிய கனமான பலகை, தாங்கிகளை இணைக்கும் நடுச்சட்டம் ஆயிற்று. கடைசி 2 அடியில் ஒரு மணைப்பலகை. தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் காட்டியபோது, “மரத்தை வாங்குறதுக்கு முன்னாடி வெட்டிப் பாத்துடணும் தம்பி, மனசுக்குள்ள” என்றார். மில்லின் வழக்கமான பட்டியல்படி புதுமரம் வாங்கியிருந்தால் இதைவிடக் கூடுதலாகக் கழிவு போயிருக்கும் என்று நினைக்கிறேன். இருக்கும் மரத்தின் அளவுக்குத்தான் மேசை என்ற கட்டாயமே இந்தச் சிக்கனத்தைக் கொண்டுவந்தது.

என் நிபந்தனை ஒன்றுதான்: மேசையைக் கழற்றிப் பூட்ட முடிய வேண்டும், ஆனால் திருகாணி கூடாது. ஆசாரியாருக்கு இது புதிய செய்தியாக இல்லை. ஒவ்வொரு பக்கத் தாங்கியையும் ஒரு கட்டையின் துளைக்குள் இன்னொன்றின் மெலித்த முனையான கழுந்தைச் செருகி இணைத்து, அவற்றின் ஊடே மூங்கில் ஆணி அடித்து நிரந்தரமாக இறுக்கினார். தாங்கியில் உள்ள ஆணித்துளைக்கும் கழுந்தில் உள்ள ஆணித்துளைக்கும் இடையே வேண்டுமென்றே ஒரு நூலளவு விலக்கம் வைத்தார். ஆணி உள்ளே போகப்போக அந்த விலக்கத்தைச் சரிசெய்ய முயன்று கழுந்தை உள்ளிழுத்துக்கொள்கிறது. பசை தேவைப்படவில்லை. நடுச்சட்டத்தின் கழுந்துகளை மட்டும் தாங்கியைத் துளைத்துக்கொண்டு வெளியே நீளும்படி விட்டு, வெளியே நீண்ட பகுதியில் ஒரு துளையிட்டு, அதில் ஓர் ஆப்பைச் செருகினார். ஆப்பைத் தட்டினால் மேசை இறுகும், அடியிலிருந்து மேலே தட்டினால் ஆப்பு கழன்று மேசை நான்கு பாகங்களாகப் பிரியும். மரம் ஈரத்துக்கும் வெயிலுக்கும் ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்குவதால், மேற்பலகையை ஆணி வைத்து அடித்தால் வெடித்துவிடும். எனவே பலகையின் அடியில் சிறிய மரநாக்குகளை வைத்துத் தாங்கியின் காடியில் (நீளப் பள்ளத்தில்) மாட்டியிருக்கிறார்; பலகை நகர இடமிருக்கிறது. மேற்பலகையின் நான்கு துண்டுகளை ஒன்றாக்க மட்டும் கடையில் விற்கும் வெள்ளைப் பசையைப் பயன்படுத்தினோம். முழுக்க முழுக்க இயற்கைப் பொருளால் ஆனது என்று விளம்பரம் செய்ய எங்கள் மேசைக்குத் தகுதியில்லை.

மேற்பூச்சுக்கு அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பழைய முறையைத்தான் முதலில் விரும்பினேன். அரக்குப் பூச்சியிடமிருந்து கிடைக்கும் அந்தப் பொருள் பெருமளவில் ஜார்க்கண்டிலிருந்து வருகிறது. மணிக்கட்டின் வேகத்தில் ஏறும் அந்த மெருகுக்கு இணையில்லை. ஆனால் சூடான குழம்புச் சட்டியை வைத்தால் வெள்ளை வளையம் விழும். உணவு மேசைக்கு அது சரிப்படாது என்பதால் ஆளிவிதை எண்ணெயைப் பூசி, காய்ந்த பின் தேன்மெழுகால் தேய்த்தோம். கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி எண்ணெய் பூசிக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது வெளிப்படும் வெப்பத்தில் அது தானாகவே பற்றிக்கொள்ளும். கொடியில் விரித்துக் காயவிட வேண்டும்.

மேசைக்கு நாற்காலிகள் வாங்காமல், பனைநார் பின்னிய இரண்டு நீள இருக்கைகள் செய்துகொண்டோம். தென்மாவட்டங்களில் நார்க்கட்டில் பின்னுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பனை மட்டையின் உட்புறத்திலிருந்து உரித்தெடுக்கும் அகணி நாரைக் காயவைத்து, பின்னுவதற்கு முன் நீரில் ஊறவைக்கிறார்கள். ஈரத்தில் பின்னிய நார் காயும்போது இன்னும் இறுகும். மட்டையை எடுப்பதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பனையை வெட்டுவதற்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது நல்லதே. அதன் ஓலையும் நாரும் விலைபோகும்வரைதான் அந்த மரத்துக்கு ஊரில் மதிப்பு என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். பின்னுபவர் வேலை செய்வதை ஒரு பகல் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நார்க்கட்டிலின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டது. சட்டங்களின் கழுந்துகள் கால்களின் துளைகளில் வெறுமனே செருகியிருக்கின்றன. ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பின்னலின் இழுவிசைதான் நான்கு கால்களையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. நாரை அறுத்துவிட்டால் கட்டில் எட்டுக் கட்டைகளாகக் கீழே விழும்.

வேறு சில பொருள்களையும் தேடிப் பார்த்தேன். மாதேஸ்வரன் மலையில் ஏட்ரீ ஆய்வு நிறுவனம் சோலிகர் பழங்குடியினருக்குப் பயிற்சியளித்து, காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடியின் தண்டுகளை வேகவைத்துத் தோலுரித்து, பிரம்புக்கு மாற்றாக நாற்காலிகள் செய்யும் வேலையைத் தொடங்கிவைத்தது. கூடலூர்ப் பக்கத்துப் பழங்குடியினர் அதே தண்டால் நிஜ யானையின் அளவில் செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. பால், பழச்சாறு அட்டைப்பெட்டிகளை நொறுக்கி அழுத்திய பலகையில் பள்ளி மேசைகள் செய்கிறார்கள். நீரில் ஊறாது, கரையான் அரிக்காது, ஆனால் உடைந்தால் ஒட்டமுடியாது. இவற்றையெல்லாம்விட எனக்கு வருத்தமளிப்பது சீமைக் கருவேலம். அதை அழிக்க நீதிமன்றம் வரை போயிருக்கிறோம். வெட்டியதைப் பெரும்பாலும் கரியாக்கி விற்கிறோம். ஆனால் அதே பேரினத்தைச் சேர்ந்த மெஸ்கீட் மரத்தில் டெக்சாஸில் விலையுயர்ந்த மேசைகளும் தளப்பலகைகளும் செய்கிறார்கள், ஏனென்றால் காயும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் கடினமரம் அது. நம்மூர் மரம் முறுக்கும் குட்டையுமாக வளர்வது உண்மை. நீளமான பலகை கிடைக்காது. முக்காலிக்கும் கைப்பிடிக்கும் நீளமான பலகை எதற்கு? ராமநாதபுரத்துக் கரிமூட்டத்துக்குப் போகும் தடித்த அடிமரங்களில் சிலவற்றையாவது ஒரு தச்சுப்பட்டறை வாங்கிப் பார்க்கலாம். எங்கள் ஆசாரியாரிடம் கேட்டபோது, உளி போய்விடும் என்று சிரித்துவிட்டார்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: உத்திரம், வண்டி வாடகை, மில் கூலி, ஆசாரியார் கூலி எல்லாம் சேர்த்து, புதுத்தேக்கு மேசைக்குக் கேட்ட விலையைவிடச் சற்றுக் குறைவாகவும், துகள் பலகை மேசையின் விலையைப் போலப் பல மடங்காகவும் ஆனது. ஏறத்தாழ மூன்று மாதம் காத்திருந்தோம். அதுவரை தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். எல்லோராலும் இது முடியும் என்று நான் சொல்லமாட்டேன்.

மேசை வந்து இறங்கிய அன்று, எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டு வளைவில் மேற்பலகையைச் சாய்த்து ஏற்ற வேண்டியிருந்தது. தாங்கிகளைத் தனித்தனியாகத் தூக்கிப் போனோம். ஆசாரியார் இரண்டு ஆப்புகளைத் தட்டி முடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மழைக்காலம் தொடங்கிய பின் நீள இருக்கை ஒன்றின் நார் நடுவில் தளர்ந்தது. பின்னியவரைத் தொலைபேசியில் அழைத்தபோது, கால்மாட்டுக் கயிற்றை அவிழ்த்து, நாரில் தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு சுற்றாக இழுத்துக் கட்டச் சொன்னார். நானும் என் மனைவியும் ஒரு மாலைப்பொழுது முழுதும் அதைச் செய்தோம். இடப்பக்க மூலை மட்டும் இன்னும் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. அடுத்த மழைக்கு மறுபடி அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.